மூக்குக்காரி செங்கொடி

திருவொற்றியூர் மார்க்கெட்டில் கருவாடு விற்கிற பெண்கள் பதினோரு பேர். அவர்களில் செங்கொடிக்கு மட்டும் மூக்குக்காரி என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சாக்கின் வாயைப் பிரித்ததுமே, அது எத்தனை நாள் சரக்கு, காய வைத்தபோது மழை பட்டதா, உப்பு போதாமல் போனதா என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். மற்ற பெண்களும் சந்தேகம் வந்தால் சாக்கை இழுத்துக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். காசிமேட்டிலிருந்து சரக்கு போடுகிற வியாபாரிகள் அவள் குனிந்து நிமிரும்வரை பேச மாட்டார்கள்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தொழிற்சங்கத்து ஆள் என்பதால் மகளுக்குச் செங்கொடி என்று பெயர் வைத்தார். ஒண்டிக்குப்பத்து தேசப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபத்தேழு வருஷம் அவன் பைபர் போட்டில் பிடித்து வந்ததில் விற்றது போக மீந்ததைக் காய வைத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்தாள். ஒரே மகள் அம்மு. கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. தேசப்பனை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செங்கொடியை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடம்பைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அம்முவால் வர முடியவில்லை. பஸ் ரயில் எதுவும் ஓடவில்லை.

வாசனை போனது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. அந்த நாட்களில் அவள் சாப்பிட்டதே இல்லை என்பதால் எது போனது எது இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து, பிழைப்பைப் பார்க்கவேண்டும் என்று மூலையில் கிடந்த நெத்திலிச் சாக்கைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. குனிந்து மோந்தாள். முகத்தைச் சாக்குக்குள்ளேயே விட்டு மோந்தாள். ஒன்றுமில்லை. காலி டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த தேசப்பனின் சட்டையை எடுத்தாள். டீசலும் வேர்வையும் பீடியும் கலந்து வரும் அந்தச் சட்டை வெறும் துணியாக இருந்தது.

போனில் சொன்னபோது அம்மு, "எல்லாருக்கும் போச்சும்மா, தானா வந்துரும்" என்றாள். இரண்டு மாதம் கழித்து அவளே கேட்டபோது, "வந்துருச்சு வந்துருச்சு" என்று செங்கொடி சொல்லிவிட்டாள். மார்க்கெட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு போன மூக்குக்காரியிடம் யார் வந்து கருவாடு வாங்குவார்கள்?

அதனால் கையையும் கண்ணையும் பழக்கிக்கொண்டாள். கருவாட்டை வளைத்தால் எங்கே ஒடிகிறது, வயிற்றுப் பக்கம் மஞ்சள் ஏறியிருக்கிறதா, விரலில் பிசுபிசுப்பு ஒட்டுகிறதா என்று பார்த்தாள். எல்லாவற்றையும்விட வாங்க வருகிறவர் முகத்தைப் பார்த்தாள். மற்ற பெண்கள் சாக்கைக் கொண்டுவந்தால் வழக்கம்போலக் குனிந்து மூச்சை இழுப்பாள், பிறகு ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தப்பாகப் போனபோது மழைமேல் பழி போயிற்று.

வீட்டில்தான் முடியவில்லை. பால் திரிந்ததா என்று காய்ச்சின பிறகுதான் தெரியும். சோறு அடிப்பிடித்து, புகை கண்ணில் பட்ட பிறகுதான் ஓடுவாள். நாக்குக்கு உப்பும் புளிப்பும் உறைப்பும் தெரிந்ததே தவிர, மீன்குழம்புக்கும் புளித்தண்ணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருத்திக்கு எதற்கு என்று குழம்பு வைப்பதையே குறைத்தாள். இப்படி மூன்றரை வருஷம் ஓடியது.

போன வருஷம் மாசி மாதம், தலையில் முக்காடும் தோளில் பெரிய பையுமாக ஒரு பெண் மார்க்கெட்டுக்கு வந்தாள். பெயர் நவ்ரீன். பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. மீன்வளம் சம்பந்தமான கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறாள். செங்கொடிக்கு அடுத்த கடையில் மிளகாய், மல்லி, மசாலா சாமான் விற்கும் காத்தூன் பீவியிடம் போய், கருவாட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யார் என்று விசாரித்தாள்.

"தோ கீறாளே, இவதான். இவ மூக்குக்கு முன்னாடி எந்த மிஷினும் நிக்காது" என்று காத்தூன் பீவி கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்து விட்டாள்.

நவ்ரீன் தரையிலேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். காணாங்கத்தை மீனைக் கருவாடு போடுவதற்கு முன்னால், கிராம்பு எண்ணெயோ எலுமிச்சம்புல் எண்ணெயோ கொஞ்சமாகக் கலந்த உப்புத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கெடாமல் எத்தனை நாள் தாங்குகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"எண்ணெயில கருவாட்டப் பொரிப்பாங்க. நீ இன்னா பாப்பா, ஊற வைக்கிறன்ற?"

"பொரிக்கிற எண்ணெய் இல்லக்கா. மொட்டு, இலை, பட்டைன்னு போட்டு ஆவியில வடிச்சு எடுப்பாங்க. நாட்டு மருந்துக் கடையில கிராம்புத் தைலம் பாத்திருப்பியே."

"அது பல்லு வலிக்கில்ல?"

"அதேதான். காணாங்கத்தையில கொழுப்பு ஜாஸ்தி. காத்து பட்டுப் பட்டு அந்தக் கொழுப்பு காறிப்போகுதுல்ல? கிராம்பு எண்ணெயில ஒரு சத்து இருக்கு. மீன் கெடுறதுக்குப் பதிலா அது முன்னாடி போய்க் கெட்டுக்கும். அதனால மீன் கொஞ்ச நாள் தப்பிக்கும். அப்புறம் மழைக்காலத்துல கருவாட்டு மேல செவப்பா ஒண்ணு படியுமே..."

"ஆமா, செவந்துக்கினு வரும். சாக்கோட கொட்ட வேண்டியதுதான்."

"அது ஒரு கிருமி. உப்புலயே வாழுற கிருமி. அதையும் இந்த எண்ணெய் வளர விடாதுன்னு பாத்துகிட்டு இருக்கேன்."

கெட்டதா இல்லையா என்று மிஷின் ஒரு கணக்குச் சொல்லும். ஆனால் மனுஷ மூக்கும் சொல்லவேண்டுமாம். அதற்கு ஐந்து பேர் வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை மூடி போட்ட கண்ணாடி டப்பாக்களில் கருவாடு வரும். நிறம், தொடு பதம், வாசனை மூன்றுக்கும் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மார்க்குப் போடவேண்டும். ஒருவர் போடுவது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பதால் அவளே ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவாள்.

என்னால் ஆகாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். செங்கொடியும் வாயைத் திறந்தாள். ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவேன் என்று அந்தப் பெண் சொன்னது காதிலேயே நின்றது. தேசப்பன் போன பிறகு அந்த வீட்டுக்கென்று யாரும் வந்ததில்லை. கரண்டு கணக்கெடுக்கிறவரைத் தவிர.

"வா பாப்பா. சாயங்காலமா வா" என்றாள்.

முதல் தடவை நவ்ரீன் வந்தபோது செங்கொடி வீட்டை இரண்டு முறை கழுவியிருந்தாள். தனக்குத் தெரியாத வாடை ஏதாவது வந்து காட்டிக்கொடுத்துவிடுமோ என்று ஊதுவத்தி ஏற்றினாள். உள்ளே நுழைந்ததுமே நவ்ரீன், "அக்கா, ஊதுவத்திய அணைச்சுடு. மார்க்கு தப்பாயிடும்" என்று சிரித்தாள். ஐந்து டப்பா. செங்கொடி ஒவ்வொன்றாகத் திறந்து, மூச்சை இழுத்து, கண்ணை மூடி யோசித்து, மார்க்குப் போட்டாள். நிறத்தைப் பார்த்து வாசனைக்குப் போட்டாள். டப்பா திறக்கும்போது நவ்ரீனின் முகம் சுளிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தும் போட்டாள். வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு டீ. பிறகு பேச்சு. வண்ணாரப்பேட்டையில் அப்பாவின் தையல் கடை, வீட்டில் பார்க்கும் மாப்பிள்ளைகள், கல்லூரியில் குளிர்பெட்டி கெட்டுப்போனது என்று அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவள் போன பிறகும் செங்கொடி டம்ளரை உடனே கழுவ மாட்டாள்.

இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில் ஒருநாள் நவ்ரீன் செங்கொடியைக் கல்லூரிக்கே கூட்டிப்போனாள். தட்டையான கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் காட்டினாள். உள்ளே செவப்பாக, கருவாட்டின்மேல் படிவதுபோலவே ஏதோ பரவியிருந்தது. நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு காகிதம். அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம், எதுவும் வளராமல் சுத்தமாக.

"அந்தக் காகிதத்துல கிராம்பு எண்ணெய் வச்சிருக்கேன். கிருமி கிட்ட வர முடியல பாரு. இந்த வட்டம் எவ்ளோ அகலம்னு ஸ்கேல் வச்சு அளப்போம்."

செங்கொடி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவம், சுத்துப்பட்டுல ஒண்ணுமே இல்லாம ஒண்டியா கீதே" என்றாள்.

நவ்ரீன் வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கா, அதுதான் நமக்கு வேணும். எவ்ளோ ஒண்டியா இருக்கோ அவ்ளோ நல்ல எண்ணெய்."

நான்காவது தடவை டப்பாக்களைச் சுற்றிக் கறுப்புத் துணி தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கண்ணால் பார்த்தால் மனசு முடிவுகட்டிவிடும், அதனால் வாசனையை மட்டும் தனியாகப் பார்க்கவேண்டும் என்று அவளுடைய பேராசிரியர் சொன்னாராம். மூடியைத் திறந்து நவ்ரீனே மூக்குக்கு நேரே நீட்டினாள். தொடக்கூடாது. அவளும் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தாள். செங்கொடிக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

அடுத்த நாள் நவ்ரீனிடமிருந்து போன் வந்தது. "அக்கா, மூணாவது டப்பாவுக்கு எட்டு போட்டிருக்கியே. அது நான் வேணும்னே வச்ச காறிப்போன கருவாடு. மத்த நாலு பேரும் ரெண்டுக்கு மேல போடல. நம்பர் மாத்திச் சொல்லிட்டியா?"

"ஆமா பாப்பா. மாத்திட்டேன் போல."

"சரிக்கா, நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் நம்பியதுதான் செங்கொடியைக் குத்தியது.

ஐந்தாவது தடவைக்கு நவ்ரீன் வரவேண்டிய நாள். காலை ஏழு மணி இருக்கும். செங்கொடி வீட்டுக்குள் உட்கார்ந்து நெத்திலியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கண் லேசாகக் கரித்தது. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து சாம்பல் காற்று அடிக்கிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே சத்தமே இல்லை என்பது உறைத்தது. குழாயடிச் சண்டை இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளின் கூச்சல் இல்லை. எட்டிப் பார்த்தாள். எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை.

அவள் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். கன்டெய்னர் லாரிகள் நிற்கிற இடத்தில் குப்பமே கூடி நின்றது. எல்லார் மூக்கிலும் துண்டு, முந்தானை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் மற்றவரை எழுப்பி இழுத்து வந்திருந்தார்கள்.

"யக்கா, நீ இவ்ளோ நேரம் உள்ளயா இருந்த?" என்று பக்கத்து வீட்டுக்காரி அலறினாள். "கேஸ் நாத்தம் மண்டையப் பொளக்குது, தெர்லியா உனுக்கு? நீ முன்னாடியே வந்துட்டன்னு நெனச்சேனே!"

"தூங்கிட்டேன்" என்றாள் செங்கொடி. எல்லாரையும்போல அவளும் முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எங்கிருந்து வந்த வாடை என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்குக் காற்று திரும்பியது, ஜனங்களும் திரும்பினார்கள். செங்கொடி நெத்திலியை அப்படியே சாக்கில் அள்ளிக் கட்டினாள். அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

சாயங்காலம் நவ்ரீன் வந்ததும் முதல் பேச்சே அதுதான். "போன்ல நியூஸ் பாத்து பயந்துட்டேன்கா. நீ எந்தப் பக்கம் ஓடின?"

"ஓடல."

"ஏன், இந்தத் தெருவுக்கு வாடை வரலையா?"

"வந்துச்சாம்." செங்கொடி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எனுக்குத் தெர்ல பாப்பா. எனுக்கு எதுவுமே தெர்ல. அந்தக் கொரோனா ஜொரத்தோட போச்சு. உன் டப்பாவுல ஒண்ணுகூட நான் மோந்து மார்க்குப் போடல."

நவ்ரீனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு முகம் மாறியது. "நாப்பது நாள்க்கா" என்றாள். "நாலு தடவை. எல்லாத்தையும் எழுதி, கணக்குப் போட்டு, சார்கிட்ட குடுத்துட்டேன். மொதல்லயே சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேன்ல? ஏன்கா சொல்லல?"

சொன்னால் நீ வரமாட்டாயே என்பதுதான் பதில். செங்கொடி எழுந்தாள். "டீ போடறேன்" என்றாள்.

"வேணாம்." திறக்காத டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டு அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

அடுத்த பத்தாம் நாள் செங்கொடி வீட்டைக் கழுவினாள். பால் வாங்கி வைத்தாள். வரமாட்டாள் என்று தெரிந்தேதான் செய்தாள். ஆறு மணிவரை கதவைத் திறந்து வைத்திருந்தாள். பிறகு ஒரு டம்ளர் டீ போட்டு, சூடு மட்டும் தெரிகிற அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஒருத்தியிடம் சொன்ன பிறகு மற்றவர்களிடம் நடிப்பது கஷ்டமாக இருந்தது. மறுநாள் காத்தூன் பீவியிடம் சொன்னாள். காத்தூன் பீவி மல்லி அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, பதினெட்டு வருஷமா பக்கத்துல குந்திக்கினு கீறேன். நாலு வருஷமா என்கிட்டயே மறச்சியா? நான் ஊரெல்லாம் உன் மூக்கப் பத்திப் பீத்திக்கினு இருந்தேனே, என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டியே!"

அவள் ஆறு நாள் பேசவில்லை. ஏழாம் நாள், காசிமேட்டு வியாபாரி சாக்கை இறக்கியபோது கடையை அப்படியே விட்டு எழுந்துவந்து, சாக்குக்குள் தலையை விட்டு மோந்து, "இது தேறாது, எடுத்துக்கினு போ" என்று விரட்டினாள். செங்கொடியைப் பார்க்காமலே திரும்பிப்போய் உட்கார்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து நவ்ரீன் மார்க்கெட்டுக்கு வந்தாள். செங்கொடி போட்ட மார்க்கையெல்லாம் அடித்துவிட்டார்களாம். புது ஆள் சேர்த்து முதலிலிருந்து செய்யவேண்டுமாம். காத்தூன் பீவியைக் கேட்கத்தான் வந்திருந்தாள். கிராம்பு எண்ணெயில் முக்கிய டப்பாவைத் திறந்ததும் காத்தூன் பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது கருவாடா, பல்லு வலி மருந்தா? கொழம்பு வச்சா புருஷன் தட்ட வீசுவான்." ஆராய்ச்சியின் முடிவும் பின்னால் கிட்டத்தட்ட அதுவாகவே வந்தது. கிராம்பு எண்ணெயில் முக்கிய கருவாடு இரண்டு மாதம் காறவில்லை, செவக்கவும் இல்லை. ஆனால் மார்க்கெட்டில் ஒரு மூக்கும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெயை ரொம்பக் குறைத்து, எலுமிச்சம்புல்லோடு சேர்த்தபோதுதான் பெண்கள் தலையாட்டினார்கள். அப்போது தாங்கும் நாளும் குறைந்தது.

காத்தூன் பீவியைக் கேட்க வந்த அன்று, போகும்முன் நவ்ரீன் செங்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து சுண்டுவிரல் உயரத்தில் நான்கு எண்ணெய்ப் பாட்டில் எடுத்தாள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைல மரம்.

"மூக்கு டாக்டர் ஒருத்தர கேட்டேன். வாசனை போனவங்களுக்கு இப்படி ஒரு பயிற்சி குடுக்குறாங்களாம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொண்ணையும் அரை நிமிஷம் மோக்கணும். மோக்கும்போது அது எப்படி இருக்கும்னு மனசுல நெனச்சுக்கணும். மாசக்கணக்குல செய்யணும். நாலு வருஷம் ஆயிட்டதால வரும்னு சொல்ல முடியாதுன்னாரு. வராமலும் போகலாம்."

"சரி பாப்பா."

"அன்னிக்கு கோவமா போயிட்டேன்கா."

"கோவம் வராதா பின்ன?"

செங்கொடி மறுநாளே ஆரம்பித்தாள். முதல் வாரமே தைல மர எண்ணெய் மூக்குக்குள் ஜிலுஜிலு என்று ஏறியது. சந்தோஷத்தில் போன் போட்டாள். நவ்ரீன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: அந்த ஜில்லும் கிராம்பின் காரமும் வாசனை இல்லை, அதைச் சொல்வது வேறு நரம்பு, ரோஜாவும் எலுமிச்சையும் தெரிந்தால்தான் கணக்கு. செங்கொடி "ஓ" என்று வைத்துவிட்டாள். ஆனால் விடவில்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்முன் ஒருதரம், விளக்கு வைத்ததும் ஒருதரம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறப்பாள். ரோஜாவை நினைக்கச் சொன்னார்கள். ரோஜா எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது. கல்யாணத்தன்று கழுத்தில் கிடந்த மாலையின் ஈரமும் கனமும் ஞாபகம் வந்தது. வாசனை வரவில்லை.

நவ்ரீனின் போன் வாரத்துக்கு ஒன்றாக இருந்து, மாதத்துக்கு ஒன்றாயிற்று. ஆராய்ச்சியை எழுதி முடித்தாள். கொச்சியில் வேலை கிடைத்துப் போனாள். போகிற அன்று வந்து, டீ குடித்து, கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

இந்த வருஷம் பங்குனியில், ஒரு சாயங்காலம், ரோஜா பாட்டிலைத் திறந்தபோது மூக்கில் ஏதோ இடித்தது. ரப்பர் கருகுகிற மாதிரி, குமட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்று எழுந்து ஓடிப் பார்த்தாள். அடுப்பு அணைந்தே இருந்தது. திரும்பி வந்து மறுபடி மோந்தாள். அதே கருகல், பாட்டிலுக்குள்ளிருந்துதான்.

நவ்ரீனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அம்முவுக்குப் போட்டாள். "ரோஜா எண்ணெய் தீஞ்ச ரப்பர் மாரி வருதுடி" என்றதும் அம்மு, "கலீஜ் பாட்டிலா இருக்கும், தூக்கிப் போடும்மா. எப்பவோ வந்துருச்சுன்னியே, இப்ப எதுக்கு அதெல்லாம் மோந்துகினு கீற?" என்றாள். செங்கொடி பேரனின் பரீட்சையைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து நவ்ரீன் கூப்பிட்டாள். பின்னால் ஒரே பஸ் சத்தம். "அக்கா, அது நல்ல சேதிக்கா! நரம்பு திரும்பி முளைக்கிறப்போ மொதல்ல தப்புத் தப்பாத்தான் சொல்லுமாம். விடாதே. செஞ்சுகிட்டே இரு."

"அப்புறம் ரோசாவா மாறுமா?"

"மாறலாம்கா. சில பேருக்கு மாறுது."

பஸ் வந்துவிட்டது என்று அவள் வைத்துவிட்டாள். செங்கொடி விளக்கைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எலுமிச்சையில் ஒன்றுமில்லை. கிராம்பு மூக்கைச் சுட்டது, தைலம் குளிர்ந்தது. கடைசியாக ரோஜாவைத் திறந்தாள். கருகல் வந்தது. கண்ணில் நீர் முட்டியும், அரை நிமிஷத்தை எண்ணி முடிக்கும்வரை அவள் பாட்டிலை மூடவில்லை.